ஏரியின் மதகும் ஓர் இளமங்கையும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஐட்டாஸ்கா என்றோர் ஏரி உண்டு. மிசிசிப்பிப் பேராறு அங்கேதான் பிறக்கின்றது. வேரித்தாஸ் வானொலியைக் குடும்பமாய் அமர்ந்து கேட்டுவந்த நம் வாசகர்களுக்கு அந்தப் பெயரில் பாதி முன்னரே அறிமுகமானது. 1832ஆம் ஆண்டில் ஸ்கூல்கிராப்ட் என்பார், ஓஜிப்வே இனத்தவரான ஒசாவிண்டிப் வழிகாட்ட, அவ்வேரியை அடைந்தார். உடன்சென்ற மறைபோதகரிடம் 'உண்மையான தலை' என்பதற்கு இலத்தீன் மொழியில் சொல் கேட்க, 'வேரித்தாஸ் காபுத்' என்று விடை வந்தது. ('வேரும் காபுத்' என்பதே சரி என்று நம் பழைய குருமடத்து ஆசிரியர்கள் பிரம்பை எடுத்திருப்பர்!) முன்சொல்லின் தலையையும் பின்சொல்லின் வாலையும் நறுக்கி ஒட்டியதே ஐட்டாஸ்கா. ஓஜிப்வே மக்களோ அதற்கு முன்பே அதனை எல்க் மானின் ஏரி என்று தம் மொழியில் அழைத்து வந்தனர்.

ஏரியைச் சூழ்ந்த பைன் காடு கோடரிக்கு இரையாவதைக் கண்டு வருந்திய ஜேக்கப் புரோவர் என்பவரின் முயற்சியால், 1891இல் அஃது அரசுப் பூங்காவாயிற்று. மாநிலச் சட்டமன்றத்தில் ஒரே ஒரு வாக்கு மிகுதியால் அச்சட்டம் நிறைவேறியது. ஆயினும் எல்லைக்குள் இருந்த நிலத்தில் கணிசமான பகுதி மர வணிகரிடமும் இருப்புப்பாதைக் கம்பெனியிடமுமே இருந்தது. ஏட்டில் பூங்கா, காட்டில் வெட்டு!

1903இல் பூங்காவின் பொறுப்பாளர் இறக்கவே, அவருடைய மகள் மேரி கிப்சுக்கு அப்பதவி அளிக்கப்பெற்றது. வயது 24. வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு அனுப்புவதற்காக வணிகர்கள் ஏரிக்குக் கீழே ஆற்றில் அணை கட்டியிருந்தனர். நீர் தேங்கி மேலேறியது. கரையோரத்து மரங்களின் வேர்கள் மூழ்கி அழுகும் நிலை. மதகைத் திறக்கும்படி மேரி கேட்டார். தொட்டவரைச் சுடுவோம் என்று ஆட்கள் துப்பாக்கியுடன் மிரட்டியதாகவும், அதற்கு அஞ்சாமல் அவர் மதகின்மீது கை வைத்ததாகவும் கூறுவர். ஆனால் செல்வாக்கு வணிகர் பக்கம் இருந்தது. சில திங்களில் மேரி பதவியை விட்டு நீங்கினார். மரவெட்டு மேலும் பல்லாண்டுகள் நடந்தது.

அப்படியும் தப்பி நின்ற செம்பைன் மரங்களுள் இருநூறு வயதைக் கடந்தவை இன்றும் உள. பூங்காவின் பரப்பு 32,000 ஏக்கருக்கு மேல்; உள்ளே நூற்றுக்கும் அதிகமான ஏரிகள். காட்டு வழியே நடப்பதற்குப் பாதைகளும், குடும்பத்துடன் கூடாரமடித்துத் தங்க இடங்களும் உண்டு. எனினும் வருவோரில் பெரும்பாலோர் முதலில் தேடிச் செல்வது ஏரியின் வடமுனையையே. அங்கே வரிசையாய்க் கிடக்கும் கற்களின் மேல் கால்வைத்துச் சிறு குழந்தையும் மிசிசிப்பியைக் கடந்துவிடும். தவறி விழுந்தாலும் முழங்கால்தான் நனையும். அக்கற்கள் இயற்கையாய் அமைந்தவை அல்ல. அவ்விடம் சதுப்பாய்க் கிடந்ததனால், 1930களில் அரசு வேலைத்திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள் அதனைத் திருத்திக் கற்களைப் பதித்தனர். அக்கற்களைத் தாண்டும் ஒரு துளி நீர் மெக்சிகோ வளைகுடாவைச் சென்றடைய ஏறத்தாழ 90 நாள்கள் ஆகும் என்பது கணக்கு.

ஆற்றின் அந்தத் தலைவாயிலில் வருவோரை வரவேற்கும் நிலையத்திற்கு மேரி கிப்சின் பெயரே சூட்டப்பெற்றுள்ளது. மரவணிகர்களின் அணை இப்போது அங்கே இல்லை.