நீங்கள் கேட்டவை: மோட்டார் அறை டைமர் நேரம் தவறுவது ஏன்?

“தென்னைக்குச் சொட்டுநீர் விட மோட்டாரில் திருகு வைத்த டைமர் மாட்டியிருக்கிறோம். பக்கத்திலேயே தென்னைநார்க் களம். 45 நிமிடம் வைத்தால் மழைக்காலத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடுகிறது. சில நாள் பாதியில் நிற்கிறது. இது இரண்டாவது டைமர். எதை வாங்கினால் தாங்கும்?”

- ஒரு வாசகி, ஆனைமலை.

காய்ந்த தூசு மட்டும் என்றால் பெரிய கெடுதல் இல்லை. நார்க்கழிவுத் தூசியில் உப்பு உண்டு. அது ஈரத்தை இழுத்துக்கொண்டால் சர்க்யூட் பலகையின் மேல் மெல்லிய மின்பாதை உண்டாகிவிடும். திருகு வைத்த மலிவான டைமர்களில் பல, கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் வேகத்தைக் கொண்டே நேரத்தை அளக்கின்றன. கசிவு எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்து நேரம் கூடும் அல்லது குறையும்.

அதனால் குவார்ட்ஸ் டைமராகக் கேட்டு வாங்குங்கள். சுவர்க் கடிகாரத்தில் இருக்கும் அதே படிகம்தான். காற்றுப் புகாத சிறு உறைக்குள் இருப்பதால் ஈரம் அதைத் தொடாது. மின்சாரம் போனாலும் கடிகாரம் ஓட, உள்ளே பேட்டரி இருக்க வேண்டும். பலகைமேல் ஈரம் தாங்கும் பூச்சு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நல்ல டைமரைத் திறந்த பலகையில் மாட்டினால் இதே கதைதான். ஐ.பி.65 பெட்டிக்குள் வையுங்கள். 6 என்றால் தூசு புகாது, 5 என்றால் குழாயால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். ஆனால் வயருக்காகப் பெட்டியின் மேல்பக்கம் ஓட்டை போட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அடிப்பக்கமாகக் கொண்டுவந்து, கேபிள் கிளாண்ட் போட்டு இறுக்க வேண்டும். பல்லியும் எறும்பும் நுழைவது அந்த ஓட்டை வழியாகத்தான்!

டைமர்மேல் 16 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே என்று மோட்டாரை நேராக அதில் கொடுக்காதீர்கள். அது ஹீட்டர் போன்ற சுமைக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட 5, 6 மடங்கு மின்சாரம் இழுக்கும். டைமரின் உள்முனைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. கிணறு வற்றிய பிறகும் ஓடி, காயில் கருகிவிடும். ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டரின் காயிலை இயக்க மட்டும் டைமர் போதும். இந்த இணைப்பை எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

பழைய டைமரை உடனே தூக்கிப் போட வேண்டாம். மெயினை அணைத்துக் கழற்றி, காய்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டி, இரண்டு நாள் அரிசிப் பானைப் பக்கம் போகாமல் வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைத்து, பிறகு செல்போன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேரம் சரியாக வந்தால், கோளாறு ஈரத்தால்தான்; பெட்டி மாற்றினாலே அது இன்னும் சில காலம் உழைக்கும்.