புளூட்டோவை எந்த ஃபோல்டரில் வைப்பது?

அக்கா மகளுக்காக ஒரு சின்ன வினாடி வினா புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முதல் கேள்வி, "சூரியனைச் சுற்றும் கோள்கள் எத்தனை?" அவள் 8 என டைப் செய்தாள். "தவறான விடை" என்றது கம்ப்யூட்டர். "மாமா, உங்க புரோகிராம்தான் தப்பு" என்றாள். உண்மைதான். பழக்க தோஷத்தில் விடையை 9 என எழுதி வைத்திருந்தேன்.

ஓர் எண்ணை மாற்ற அரை நிமிடம் போதும். ஆனால் எனக்கு மனம் வரவில்லை. ஏன்?

நான்காம் வகுப்பில் புதன் முதல் புளூட்டோ வரை ஒரே மூச்சில் ஒப்பித்தவன் நான். 2006 ஆகஸ்ட் 24 அன்று, பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் கோள்களுக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது. சூரியனைச் சுற்ற வேண்டும். உருண்டையாக இருக்க வேண்டும். தன் பாதையை ஒட்டிய பகுதியில் மற்ற பொருட்களை அகற்றியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தேறவில்லை. 'குறுங்கோள்' ஆகிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. 2005-ல் ஏறத்தாழ புளூட்டோ அளவே உள்ள ஏரிஸ் பற்றிய அறிவிப்பு வந்தது. அதையும் சேர்ப்பதா, புளூட்டோவை எடுப்பதா என்ற கேள்வி எழுந்தது.

இது புதிதும் அல்ல. 1801-ல் கண்டுபிடிக்கப்பட்ட சீரீஸ் பல ஆண்டுகள் கோளாகவே இருந்தது. அதைப் போன்றவை நிறையக் கிடைத்ததும் சிறுகோள் பட்டியலுக்குப் போனது. சீரீஸுக்காக இன்று யாரும் வருந்துவதில்லை. நாம் யாரும் அதைக் கோளாக மனப்பாடம் செய்யவில்லையே!

அமெரிக்காவின் அரிசோனாவில்தான் 1930-ல் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அந்த மாநிலம் 2024-ல் புளூட்டோவைத் தன் அதிகாரபூர்வக் கோளாகச் சட்டமே போட்டுவிட்டது. ஆக, நாம் பிடித்துக் கொண்டிருப்பது விண்வெளியில் உள்ள புளூட்டோவை அல்ல. நம் ஊரின் பெருமையை, நம் பள்ளிக்கூடத்து நினைவை.

ஒரு ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றிப் பாருங்கள். ஃபைலுக்குள் ஓர் எழுத்துகூட மாறாது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2006 ஜனவரியில் ஒரு 'கோளை' நோக்கிக் கிளம்பியது. 2015 ஜூலை 14 அன்று ஒரு 'குறுங்கோளை' நெருங்கியது. இடையில் பெயர் மாறியதற்காக அது பாதையை மாற்றவில்லை. இதய வடிவப் பனிப்பரப்பைப் படமெடுத்து அனுப்பியது. அந்தப் படத்தின் அழகு எந்த வகையாலும் குறையவில்லை.

மூன்றாவது நிபந்தனை சரியில்லை என்று சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு. அந்த விண்கலத் திட்டத்தின் தலைவர் ஆலன் ஸ்டெர்ன் அவர்களில் ஒருவர். தாராளமாக வாதிடட்டும். ஆனால் "நான் அப்படித்தான் படித்தேன்" என்பது வாதம் ஆகாது.

ஸ்டெல்லேரியம் என்ற இலவச சாஃப்ட்வேரை உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். எஃப்3 கீயை அழுத்தி, புளூட்டோ என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வானில் அது இருக்கும் இடத்தைக் காட்டும். எங்கும் போய்விடவில்லை!

நான் 9-ஐ அழித்து 8 என மாற்றிவிட்டேன். கூடவே புளூட்டோவைப் பற்றி இரண்டு கேள்விகளும் சேர்த்திருக்கிறேன்.