மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க!

'புள்ளத்தாச்சிப் பொண்ணு இத்தனை மாத்திரை முழுங்கலாமா?' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது அக்கறையில்தான். ஆனால், அந்த அக்கறையே சில நேரம் வினையாகி விடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண், தைராய்டுக்கு ரெண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறாள். நாள் தள்ளிப் போனதும், டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டார். அவ்வளவுதான்! 'குறைக்க வேண்டிய நேரத்துல கூட்டறாரே, இவரெல்லாம் ஒரு டாக்டரா?' என்று மாமியார் மாத்திரையையே நிறுத்தச் சொல்லிவிட்டார். இவளும் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதப் பரிசோதனையில் குட்டு உடைந்து, டாக்டரிடம் ரெண்டு பேருக்கும் செம திட்டு!

கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடிவிடுகிறது. சிறுநீரகமும் வேகமாக வடிகட்டுகிறது. சில மருந்துகளைக் கல்லீரலும் சீக்கிரமே செயலிழக்கச் செய்துவிடுகிறது. அதே மாத்திரைதான், ஆனால், ரத்தத்தில் அதன் அளவு குறைந்து போகலாம். தைராய்டு விஷயத்தில் தேவையே கூடுகிறது. முதல் 3 மாதம் வயிற்றுப் பிள்ளை தாயின் தைராய்டு சுரப்பைத்தான் நம்பி இருக்கிறது. அதனால், பலருக்கு 25 முதல் 30 சதவீதம் வரை கூட்ட வேண்டியிருக்கும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை இதோடு சேர்த்துப் போடக் கூடாது. 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரையும் கர்ப்பத்தில் ரத்தத்தில் வெகுவாகக் குறையும். பயந்து நிறுத்தினால், வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அதற்காக நாமே கூட்டிக்கொள்ளவும் கூடாது. காபியில் உள்ள கஃபீன் நேர்மாறாக, கர்ப்பிணி உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. வால்ப்ரோயேட் போல, பிள்ளைக்கே கெடுதல் செய்யும் மருந்தும் உண்டு. எதைக் கூட்டுவது, எதை மாற்றுவது என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. பிரசவத்துக்குப் பிறகு அளவை மறுபடி குறைக்க வேண்டி வரும். அதையும் மறக்காமல் கேட்க வேண்டும்.

மாமியார்களே, அம்மாக்களே! செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்க. சந்தேகத்தை டாக்டரிடமே நேரில் கேளுங்க. மருமகளிடம், 'மாத்திரையை நிறுத்து' என்பதற்குப் பதில், 'மாத்திரை போட்டியாம்மா?' என்று கேட்டால், அதுதான் உண்மையான அக்கறை!

— ஒரு வாசகி, திண்டுக்கல்.