நடக்காத உலகின் கணக்கு

2020-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா பெருந்தொற்றால் உலகின் பெரும்பகுதி வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில், அண்டார்டிகாவில் இணைப் பிரபஞ்சத்தின் தடயம் கிடைத்துவிட்டதாக ஒரு செய்தி பரவியது. அங்கே காலம் பின்னோக்கி ஓடுகிறது என்றும், கண்டுபிடித்தது நாசா என்றும் செய்தித்தளங்களும் சமூக ஊடகங்களும் எழுதின.

செய்தியின் வேர் மெய்யானது. அனிட்டா என்ற ஆய்வில், ரேடியோ அலைவாங்கிகளைச் சுமந்த ராட்சத பலூன் ஒன்று அண்டார்டிகப் பனிப்பரப்புக்கு மேலே ஏறத்தாழ 37 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்தது. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் மிகை ஆற்றல் துகள்கள் பனியில் மோதும்போது எழும் ரேடியோ துடிப்புகளைப் பிடிப்பது அதன் வேலையாக இருந்தது. 2006-இலும் 2014-இலும் கிளம்பிய பலூன்கள் ஒவ்வொன்றிலும் ஒரு விசித்திரத் துடிப்பு பதிவானது. அவை மேலிருந்து வராமல், பனிக்குள்ளிருந்து புறப்பட்டவை போலத் தெரிந்தன. அவ்வளவு ஆற்றல் கொண்ட துகள் பூமியைத் துளைத்து மறுபக்கம் வெளிவர முடியாது. எதையும் ஊடுருவும் நியூட்ரினோகூட அந்த ஆற்றலில் வழியிலேயே மடங்கிவிடும். பெருவெடிப்புக்கு அப்பால், எதிர்ப்பொருளால் ஆன, காலம் எதிர்த்திசையில் செல்லும் ஒரு பிரபஞ்சம் உண்டு என்று கூறும் ஒரு கோட்பாட்டோடு இந்தத் துடிப்புகளைப் பொருத்திப் பார்த்து, 2018-இல் சில இயற்பியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பல ஊகங்களுள் அதுவும் ஒன்று. 2020 ஏப்ரலில் ஓர் அறிவியல் வார இதழ் அதை விரிவாக எழுதியது. அடுத்த மாதமே ஊகம் கண்டுபிடிப்பாக மாறிவிட்டது.

நாசா அப்படி எதையும் அறிவிக்கவில்லை. தென்துருவத்தில் உள்ள ஐஸ்கியூப் ஆய்வகம், அத்திசைகளில் இந்தத் துடிப்புகளுக்கு ஈடான நியூட்ரினோ ஊற்று எதுவும் தென்படவில்லை என்று அந்த ஆண்டு ஜனவரியிலேயே காட்டியிருந்தது. பனிக்குக் கீழுள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பிய சாதாரண ரேடியோ அலைகளாக அவை இருக்கலாம் என்பது வேறொரு விளக்கம். அர்ஜென்டினாவின் பியர் ஓஜே ஆய்வகம் தன் நெடுங்காலப் பதிவுகளை அலசி 2025-இல் வெளியிட்ட முடிவிலும், கீழிருந்து மேலெழும் அத்தகைய துகள்களுக்குச் சான்று இல்லை. புதிர் முழுதாகத் தீரவில்லை என்பது உண்மை. அதற்கு விடை இன்னொரு பிரபஞ்சம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அந்தச் செய்தி அந்த மாதத்தில் அவ்வளவு வேகமாகப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் இயற்பியல் ஆர்வம் அல்ல. அப்போது எல்லோரிடமும் இரண்டு வாழ்க்கை இருந்தது. ஒன்று நடந்துகொண்டிருந்தது, இன்னொன்று நடந்திருக்க வேண்டியது. அச்சடித்த கல்யாணப் பத்திரிகை, முன்பதிவு செய்த ரயில் டிக்கெட், தேர்வு அட்டவணை என்று நடக்காத வாழ்க்கையின் காகிதங்கள் ஒவ்வொரு வீட்டிலும் கிடந்தன. டோக்கியோ ஒலிம்பிக் 2021 ஜூலை 23 அன்று தொடங்கியபோதும் அதன் பெயர் டோக்கியோ 2020 என்றே இருந்தது. பதக்கங்களிலும் அந்த ஆண்டுதான். நோய் வராமலிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி அன்றாடச் சிந்தனையின் பகுதியாகிவிட்டது. இணைப் பிரபஞ்சம் அந்தக் கேள்விக்கு ஓர் இடம் கொடுத்தது.

அறிவியலில் இந்த எண்ணத்துக்கு வலுவான வடிவம் தந்தவர் அமெரிக்கரான ஹியூ எவரெட். அணு அளவில் ஒரு துகள் ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருப்பதாகக் குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கரின் சமன்பாடு சொல்கிறது. அளந்து பார்த்தால் கிடைப்பதோ ஒரே நிலை. மற்ற நிலைகள் என்ன ஆகின்றன? நீல்ஸ் போரின் கோபன்ஹேகன் மரபு, அளக்கும் கணத்தில் அவை இல்லாமல் போகின்றன என்று விடை சொன்னது. எவரெட் அந்த விடையை ஏற்கவில்லை. சமன்பாடு துகளுக்கு மட்டும் அல்ல, அளக்கும் கருவிக்கும் அளப்பவருக்கும் பொருந்தும். எனவே எந்த நிலையும் அழிவதில்லை. ஒவ்வொரு விடையும் ஒவ்வொரு கிளையில், அதைக் கண்ட ஆளோடு சேர்ந்து நிகழ்கிறது என்றார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் வீலரின் மாணவராக அவர் எழுதிய ஆய்வேடு, வீலரின் வற்புறுத்தலால் பெரிதும் சுருக்கப்பட்டு 1957-இல் வெளியானது. 1959-இல் கோபன்ஹேகனுக்குச் சென்று நீல்ஸ் போரைச் சந்தித்ததும் பயன் தரவில்லை. 1970-இல் இயற்பியலாளர் பிரைஸ் டிவிட் எழுதிய கட்டுரைதான் எவரெட்டின் இந்தப் பல்லுலக விளக்கத்தைப் பரவலாக அறியச் செய்தது.

இந்த விளக்கத்திலிருந்து அன்றாட வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ளப்படும் பொருள்களில் பெரும்பாலானவை அதில் இல்லாதவை. மனிதர் முடிவெடுக்கும்போதெல்லாம் உலகம் இரண்டாகப் பிரிகிறது என்று எவரெட் சொல்லவில்லை. பிரிவை உண்டாக்குவது குவாண்டம் நிகழ்வு. சந்தைக்குப் போகலாமா வேண்டாமா என்ற யோசனை அத்தகைய நிகழ்வைச் சார்ந்தது என்று யாரும் நிறுவியதில்லை. கற்பனைக்கு எட்டிய எல்லாம் எங்கோ ஒரு கிளையில் நடக்கும் என்பதும் தவறு. இயற்பியல் விதிகள் இடம் தருபவை மட்டுமே நடக்கும். அவற்றுக்கும் சம எடை கிடையாது. எல்லாவற்றையும் விட முக்கியம், கிளைகளுக்கு இடையே போக்குவரத்து இல்லை என்பது. துகள் தன்னைச் சூழ்ந்த காற்றோடும் ஒளியோடும் கணக்கற்ற முறையில் பின்னிக்கொள்வதால், பிரிந்த கிளைகள் நடைமுறையில் மீண்டும் சேர முடியாது. ஜெர்மன் இயற்பியலாளர் டீட்டர் ட்ஸே 1970-இல் இந்தத் திசையில் முதல் அடி எடுத்துவைத்தார். ஒரு கிளையிலிருந்து இன்னொன்றைப் பார்க்க முடியாது, அழைக்க முடியாது, அங்கே குடிபெயரவும் முடியாது. சோதனைச்சாலையில் இந்த விளக்கமும் கோபன்ஹேகன் விளக்கமும் ஒரே எண்களையே தருகின்றன. அதனால் எது சரி என்பதில் இயற்பியலாளர்கள் இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள்.

எவரெட்டின் சொந்த வாழ்க்கை இந்தக் கோட்பாட்டின் எல்லையை வேதனையோடு காட்டுகிறது. அவர் 1982-இல் தம் 51-ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார். தம் அஸ்தியைக் குப்பையில் போட்டுவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். குடும்பத்தார் பின்னர் அதை நிறைவேற்றினர். 1996-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்ட அவருடைய மகள், தன் அஸ்தியையும் அப்படியே செய்யும்படி எழுதி வைத்திருந்தார். அப்படிச் செய்தால் சரியான இணைப் பிரபஞ்சத்தில் அப்பாவிடம் போய்ச் சேரலாம் என்பது அந்தக் குறிப்பில் இருந்தது. தந்தையின் சமன்பாடுகளில் அதற்கு வழி இல்லை.

அதே எவரெட் பிழைப்புக்காகச் செய்த வேலை அதிகம் பேசப்படுவதில்லை. பெருந்தொற்றைப் புரிந்துகொள்ள அவருடைய இந்தப் பக்கமே கூடுதலாக உதவுகிறது. 1956-இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆயுத மதிப்பீட்டுக் குழுவில் சேர்ந்தார். அணு ஆயுதப் போர் மூண்டால் கதிரியக்கச் சாம்பலால் எத்தனை பேர் சாவார்கள் என்று ஜார்ஜ் பியூ என்பவருடன் சேர்ந்து கணக்கிட்டார். அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், 1963 டிசம்பரில் நிகழ்த்திய நோபல் உரையில் அந்தக் கணக்கை எடுத்துக்காட்டி, அணு ஆயுதங்களுக்கு எதிராக வாதிட்டார். ஒரே மனிதர், காண முடியாத உலகங்களைப் பற்றி ஒரு கோட்பாடும், நடக்கக் கூடாத உலகம் ஒன்றைப் பற்றி ஒரு கணக்கும் எழுதினார். கோட்பாடு தத்துவ விவாதமாக நிற்கிறது; கணக்கு மக்களின் வாழ்வைப் பற்றிய வாதத்தில் பயன்பட்டது.

நடக்காததை நினைப்பது மனத்தின் இயல்பு என்பதை உளவியலும் ஆராய்ந்திருக்கிறது. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1982-இல் ஒரு சிறு கதையைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். இருவர் ஒரே வண்டியில் விமான நிலையத்துக்குப் போகிறார்கள். போக்குவரத்து நெரிசலால் அரை மணி நேரம் தாமதம். ஒருவருடைய விமானம் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. மற்றவருடையது தாமதமாகி, ஐந்து நிமிடம் முன்னால்தான் கிளம்பியது. யாருக்கு மன வருத்தம் அதிகம்? ஐந்து நிமிடத்தில் தவறவிட்டவருக்குத்தான் என்று 96 சதவீதம் பேர் சொன்னார்கள். இழப்பு இருவருக்கும் ஒன்றே. நடக்காத உலகம் ஒருவருக்கு மிக அருகில் இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

பெருந்தொற்றில் உறவை இழந்த ஒவ்வொரு குடும்பமும் அந்த ஐந்து நிமிடத்தில் சிக்கியது. அந்தக் கல்யாணத்துக்குப் போகாமலிருந்திருந்தால், அந்தப் பேருந்தில் ஏறாமலிருந்திருந்தால், இரண்டு நாள் முன்னால் மருத்துவமனையில் சேர்த்திருந்தால் என்று மனம் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டது. கொரோனா தொற்று ஊர் முழுக்கப் பரவியிருந்த வாரங்களில், ஒருவருக்கு அது எந்த இடத்தில், யாரிடமிருந்து வந்தது என்று சொல்வது பெரும்பாலும் இயலாத காரியம். அறிகுறி தோன்றும் முன்பே தொற்றவைக்கும் கிருமி அது. வீட்டுக்கு நோயைக் கொண்டுவந்தது தானே என்று தன்னைக் குற்றம் சாட்டிக்கொண்டவர்களிடம் அதற்கான ஆதாரம் அநேகமாக ஒருபோதும் இருந்ததில்லை. தனி மனிதரைப் பற்றிய ‘அப்படிச் செய்திருந்தால்’ என்ற கேள்விக்கு இயற்பியலும் மருத்துவமும் விடை தருவதில்லை. அந்தக் குற்ற உணர்வைச் சுமப்பவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்வது அவசியம்.

பெருந்திரளைப் பற்றிக் கேட்டால் அதே கேள்விக்கு விடை உண்டு. நோய்ப்பரவலியல் முழுவதும் நடக்காத உலகத்தோடு நடந்த உலகத்தை ஒப்பிடும் கலை. 2020 மார்ச் 16 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரி வெளியிட்ட அறிக்கை, எந்தக் கட்டுப்பாடும் இல்லாவிட்டால் பிரிட்டனில் ஏறத்தாழ 5,10,000 பேரும் அமெரிக்காவில் 22 லட்சம் பேரும் இறக்கக்கூடும் என்று கணித்தது. கட்டுப்பாடுகள் வந்தன, அந்த உலகம் நடக்கவில்லை. பிறகு பலர் கணிப்பு பொய்த்துவிட்டது என்று எழுதினார்கள். ‘கட்டுப்பாடே இல்லாவிட்டால்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டுப் படித்ததன் விளைவு அது. அந்த அறிக்கையின் மாதிரியில் குறை காண இடம் உண்டு. தடுக்கப்பட்ட சாவு நிகழவில்லை என்பதைக் குறையாகச் சொல்வது நியாயம் அல்ல.

இந்த ஒப்பீட்டின் மிக எளிய வடிவம் கூடுதல் இறப்புக் கணக்கு. முந்தைய ஆண்டுகளின் பதிவுகளை வைத்து, நோய் வராமலிருந்தால் ஓர் ஆண்டில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். உண்மையில் இறந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து அதைக் கழிக்கிறார்கள். யாருக்குப் பரிசோதனை நடந்தது, சான்றிதழில் எந்த நோயின் பெயர் இருந்தது என்ற சர்ச்சைகளை இந்தக் கழித்தல் தாண்டிச் செல்கிறது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து உலகில் 1 கோடியே 49 லட்சம் கூடுதல் இறப்புகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே 5 அன்று அறிவித்தது. நாடுகள் கொரோனா சாவு என்று அறிவித்திருந்தவை 54 லட்சம் மட்டுமே. நியூசிலாந்தில் 2020-இல் கணக்கு எதிர்த்திசையில் சென்றது: எல்லைகளை மூடியதால் ஃபுளூ காய்ச்சலும் ஏறக்குறைய மறைந்துபோய், எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களே இறந்தார்கள்.

தடுப்பூசிச் சோதனையில் நடக்காத உலகத்தை மதிப்பிட வேண்டியதில்லை, உருவாக்கவே செய்கிறார்கள். ஃபைசர்–பயோன்டெக் சோதனையில் ஏறத்தாழ 43,500 தன்னார்வலர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குத் தடுப்பூசியும் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டார்கள். யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, கண்காணித்தவருக்கும் தெரியாது. குலுக்கல்தான் இதில் உயிர்நாடி. வயதிலும் உடல்நிலையிலும் இரு பிரிவுகளும் ஒத்திருப்பதால், ஒன்று மற்றதன் நடக்காத உலகமாகிறது. இரண்டாம் தவணைக்கு ஒரு வாரம் கழிந்த பின் நோய் கண்ட 170 பேரில் 162 பேர் உப்புநீர்ப் பிரிவினர், 8 பேர் தடுப்பூசிப் பிரிவினர். உப்புநீர் ஊசியை ஏற்று நோய்க்கு உள்ளான அந்த மனிதர்களால்தான் தடுப்பூசியின் பலன் 95 சதவீதம் என்று உலகம் அறிந்தது. அவர்களுக்கு உரிய நன்றி இன்னும் சொல்லப்படவில்லை.

கூடுதல் இறப்புக் கணக்கோ ஒரு பழைய பதிவேட்டைச் சார்ந்தது. இறப்புப் பதிவு முழுமையாக இல்லாத நாட்டில், நடந்த உலகத்தின் எண்ணிக்கையே சரியாகத் தெரியாது. நடக்காததை எதிலிருந்து மதிப்பிடுவது? இந்தியாவில் இந்தச் சிக்கல் வெளிப்படையாகவே எழுந்தது. அரசின் கணக்கில் 2021 இறுதி வரை கொரோனா சாவுகள் சுமார் 4.8 லட்சம், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் கூடுதல் இறப்புகள் 47 லட்சம். அரசு அந்த நிறுவனத்தின் கணித மாதிரியை ஏற்க மறுத்தது. குடிமைப் பதிவு முறையின்படி நாட்டில் பதிவான இறப்புகள் 2019-இல் 76.4 லட்சம், 2020-இல் 81.2 லட்சம். அந்த உயர்வில் நோயின் பங்கு எவ்வளவு, பதிவு மேம்பட்டதன் பங்கு எவ்வளவு என்பதே வாதமாயிற்று. 2020-இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை கால்வாசிக்கும் குறைவு.

அடுத்த பெருந்தொற்றில் இந்த வாதம் மீண்டும் எழாமலிருக்க வேண்டுமானால், அதற்கான வேலை ஊர்தோறும் நடக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இறப்பைப் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். சொத்தோ ஓய்வூதியமோ இல்லாத வீடுகளில் சான்றிதழ் தேவைப்படுவதில்லை என்று பதிவை விட்டுவிடும் வழக்கம் மாற வேண்டும். மருத்துவர் பார்த்த சாவானால் காரணத்தையும் எழுதி வாங்க வேண்டும். 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது.