சாசனமும் சார்பும்

ஈழத்துச் சாசன ஆராய்ச்சி பற்றி நம்மவரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கக் காண்கிறேன். எழுத்துப் பொறித்த கல்லொன்று கிடைத்தது என்றதும், அது என்ன சொல்கிறது என்று கேட்பார் சிலர். அது யாருக்குச் சாதகம் என்று கேட்பாரே பலர். காணி வழக்குக்கு உறுதி தேடுவாரைப் போன்றே வரலாற்றையும் தேடுகின்றோம். பேராசிரியர் கார்த்திகேசு இந்திரபாலாவின் ஆராய்ச்சி வாழ்வை மாணவர் ஊன்றிக் கற்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனத்தை ஆராய்ந்து அவர் 1963இல் கட்டுரை வெளியிட்டார். அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. ஊராத்துறைக்கு, அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேச வணிகருக்குக் காவல் அளிக்கப்படுதல் வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடையுமாயின் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. பிற சரக்கு ஏற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி. குதிரை கொணர்ந்தவனுக்கு ஏன் இத்துணைச் சலுகை? படைக்கு அவை வேண்டியிருந்தமையே காரணம் என்று எண்ணுகிறேன். கடல் வாணிகத்தின் ஏட்டையே விரித்துக் காட்டும் இக்கல்லின்முன் நின்றும், சிங்கள மன்னன் ஏன் தமிழில் எழுதினான் என்பதொன்றையே பிடித்துக்கொண்டு வாதிடுவார் உளர்.

1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வு, இத்தீவிலே பரந்துபட்ட நிலையான திராவிடக் குடியேற்றங்கள் பத்தாம் நூற்றாண்டளவிலேயே தொடங்கின என்னும் முடிபினது. அது நம்மவர்க்குக் கசந்தது; வேறு சிலருக்கோ அரசியற் கருவியாயிற்று. அவர் தம் பணியை விட்டாரல்லர். 1971இல் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ்ச் சாசனங்களுக்கென்றே ‘எப்பிகிராபியா தமிலிகா’ என்னும் ஏட்டைத் தொடங்கினார். 1980இல் அவர் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, பெருங்கற்காலப் புதைகுழியொன்றில் சின்னஞ்சிறு முத்திரை கிடைத்தது. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்துகள். அவற்றைக் ‘கோவேத’ என வாசித்தார். அடுத்த ஆண்டு யூன் மாதம் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சாம்பராயிற்று. அகழ்ந்தெடுத்தவை ஒருபுறம், அழிந்தவை மறுபுறம், இரண்டும் ஓராண்டுக்குள்ளே.

2005இல், புதிய சான்றுகளின் துணைகொண்டு, தம் பழைய முடிபை வெளிப்படையாகவே கைவிட்டுப் பெருநூல் ஒன்று எழுதினார். அன்று வைதவரே இன்று போற்றுகின்றனர். ஆயின் அவர்கள் நூலின் பாதியையே படித்தனர் போலும்! சிங்களவரும் தமிழரும் இருசாராரும் இத்தீவின் தொல்குடியினின்றும் மொழிமாற்றத்தால் உருவாயினர் என்னும் அவரது கருத்து, எந்தத் தரப்பாருடைய உறுதியாகவும் உதவாது. முடிபு இனித்தால் புகழ்வதும் கசந்தால் இகழ்வதும் ஆராய்ச்சியை மதித்தல் ஆகா. 1965இல் சான்று பார்த்த கண்ணே 2005இலும் பார்த்தது.

ஆசிரியர்கள் அவ்விரு நூல்களையும் உயர்வகுப்பு மாணவர் கையில் ஒருங்கே கொடுத்தல் வேண்டும். குறிகட்டுவானில் படகேற்றி நயினாதீவுக்கும் அழைத்துச் செல்லலாம். அக்கல்லில் ஒரு வரியையாவது தாமே எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். பரீட்சையில் அதற்குப் புள்ளி கிடையாதுதான்.