பெரட்டுக்களத்தில் முதல் ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கம்பளைக்கு மேலே உள்ள எங்கள் தோட்ட அணி கடந்த ஞாயிறு பருவத்தின் முதல் மென்பந்து கிரிக்கெட் ஆட்டத்தை ஆடியது. காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரித்தனுப்பும் பெரட்டுக்களம்தான் மைதானம். கொழுந்துச் செடிகளுக்குள் பந்து போனால் நான்கு ஓட்டம். கொழும்புக் கடைகளில் வேலைசெய்யும் பிள்ளைகள் இரவு பஸ்ஸில் வந்திறங்கி அப்படியே ஆடினார்கள். பதினொரு ஓட்டங்களால் தோற்றோம். ஆனாலும் லயத்துப் பெண்கள் கடைசிப் பந்துவரை நின்று பார்த்தது என் கண்ணிலேயே நிற்கிறது.

தோட்டத்து வேர் கொண்டவர்களும் பெரிய வீரர்களாகலாம்: இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவரின் பேரனான சுழற்பந்து வீச்சாளர் முரளிதரன் 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எட்டினார். அவருக்குக் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் கடினப்பந்துப் பயிற்சி கிடைத்தது. எங்கள் பையன்களில் பலர் கடினப்பந்தைக் கையில் தொட்டதே இல்லை. ஒரு சீமெந்து ஆடுதளமும் பயிற்சி வலையும் அமைத்துத் தருமாறு பிரதேச சபையை உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன்.

தோட்ட வாசகர்,
கம்பளை