எலுமிச்சைப் புழுவைக் கவனித்தல்

எலுமிச்சை நாற்றுகளில் புழு விழுந்துவிட்டதென்று குடியானவர்கள் நம்மிடம் முறையிடும்போது, பெரும்பாலும் கொழுந்தெல்லாம் தீர்ந்து நரம்பே மிஞ்சியிருக்கும். "நேற்றுவரை ஒன்றுமில்லை" என்பார்கள். அது சரியன்று. புழு பல நாட்களாகவே அங்கிருந்தது, நாம்தாம் காணவில்லை.

இக்குற்றம் என்னையும் சாரும். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நாற்றங்காலைப் பார்வையிட்டேன். இலைகளின்மேல் கிடந்தவற்றைக் குருவியின் எச்சமென்று எண்ணி, நாற்றுகள் சுகமாயிருப்பதாகக் குறிப்பெழுதித் திரும்பினேன். மறுவாரம் அவை மொட்டையாக நின்றன. எச்சமென்று நான் நினைத்தவை இளம் புழுக்களே.

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கொழுந்திலைகளில் தனித்தனியாக வெளிர்மஞ்சள் முட்டைகளை இடுகிறது. மூன்று நான்கு நாட்களில் புழு வெளிவரும். இளமையில் கருமையும் வெண்மையுமாய் எச்சம்போலத் தோன்றிப் பறவைகளை ஏமாற்றும், முதிர்ந்தபின் இலைப்பச்சையாகும். அப்பருவத்தில்தான் தீனி மிக அதிகம். தொட்டால், தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். கறிவேப்பிலையிலும் வில்வத்திலும் இதே புழுவைக் காணலாம்.

ஆகவே, தெளிப்பானை எடுக்குமுன் கைபேசியை எடுக்கவேண்டுமென்பது என் அபிப்பிராயம். நாள்தோறும் காலையில் குறித்த சில நாற்றுகளின் கொழுந்தை, இலையின் இருபுறமும், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துப் படமெடுத்து வையுங்கள். நேற்றைய படத்தோடு இன்றையதை ஒப்பிட்டால், எச்சம் வளராது, புழு வளரும் என்பது விளங்கும். முட்டை கறுத்தும் நாட்கணக்கில் புழு வராதிருப்பின், அதனுள் சிறு ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்திருக்கக்கூடும். கண்மூடித்தனமாக விஷமருந்து தெளிப்போர் கூலியின்றி உழைக்கும் இத்தோழனையும் கொல்கின்றனர்.

வேலை மிகுந்த நாளில் இதற்கு நேரமேது என்பர் சிலர். நாற்றங்காலைச் சுற்றிவரக் கால்மணி நேரம் போதும். அழிந்த நாற்றை மீண்டும் வளர்க்க மாதங்கள் வேண்டும். நாற்றுகளிலும் இளங்கன்றுகளிலும் முட்டையையும் இளம்புழுவையும் கையால் பொறுக்கி அழித்தலே சிக்கனமான வழி. வளர்ந்த மரம் சில புழுக்களைத் தாங்கும். அதற்கு மருந்து வீண் செலவு. புழு மிகுந்தால் படத்துடன் வேளாண்மை அலுவலரைக் கலந்தபின்பே மருந்து தெளிக்கலாம்.

கிராம அதிகாரிகளும் இதில் சிரத்தை காட்டவேண்டும். சேதம் விசாரிக்கும்போது, வாய்மொழியைவிடத் தேதியிட்ட படம் உறுதியான சாட்சி. பூச்சியை அறிந்தவனுக்கே அதை அடக்கும் வழியும் புலப்படும்.